ஒரே ஆள், இரண்டு நாற்காலி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பயிற்சியாளரும் இயக்குநரும்

2011 டிசம்பர் 3 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரில் நடந்த என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு) மூன்றாம் பிரிவு ஆண்கள் கால்பந்து இறுதி ஆட்டத்தில், ஓஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகம் கால்வின் கல்லூரியை 2-1 என்ற கணக்கில் வென்றது. பயிற்சியாளர் ஜே மார்ட்டினுக்கு அது 608ஆவது வெற்றி. இல்லினாய் மாநிலத்து வீட்டன் கல்லூரியின் ஜோ பீன் 607 வெற்றிகளோடு வைத்திருந்த சாதனையை அந்த ஒரு ஆட்டம் பின்னுக்குத் தள்ளியது. அதன் பிறகும் மார்ட்டின் ஓயவில்லை. ஆண்கள் கல்லூரிக் கால்பந்தில் 700 வெற்றிகளைத் தாண்டிய முதல் பயிற்சியாளர் என்ற பெயரையும் பெற்றார். விளையாட்டுப் பக்கங்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாகப் பேசும். ஆனால் அவரது பணிவாழ்வில் அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: 1977 முதல் அணியைப் பயிற்றுவித்த அவர், 1980களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்தார். அதாவது, பயிற்சியாளர்களை வேலைக்கு எடுப்பவரும், அவர்களின் வரவு செலவைப் பங்கிடுபவரும், வேண்டாதவர்களை வீட்டுக்கு அனுப்புபவரும், கால்பந்து அணியின் விசிலை ஊதுபவரும் ஒரே ஆள்.

இப்படி இரண்டு நாற்காலியில் ஒருவரே அமர்வது அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது, இப்போது அருகிவிட்டது. அது ஏன் சாத்தியமாயிற்று, ஏன் முடிவுக்கு வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பதவிகள் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ நடத்திய பயிற்சிப் பள்ளி, உடற்கல்வியை மற்றப் பாடங்களுக்கு இணையான பாடமாகக் கற்பித்த தொடக்க கால நிறுவனங்களில் ஒன்று. அங்கே படித்தவரான அமோஸ் அலன்சோ ஸ்டாக்கை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1892இல் வேலைக்கு அழைத்தபோது, அவருக்கு இணைப் பேராசிரியர் பதவியையும் உடற்கல்வித் துறையின் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தார். அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம்) அணியைப் பயிற்றுவித்தது அந்தப் பேராசிரியர் வேலையின் ஒரு பகுதி. 1932 வரை ஸ்டாக் அங்கேயே இருந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்டாக்கின் அணியில் ஆடியவரும், 1891இல் கூடைப்பந்தை உருவாக்கியவருமான ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது உடற்கல்வி, வழிபாட்டுக் கூடம், கூடைப்பந்து அணி என எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். (கான்சாஸ் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகமாக உள்ள ஒரே பயிற்சியாளர், அந்த ஆட்டத்தையே கண்டுபிடித்த அவர்தான்.) பயிற்சியாளர் என்பவர் ஆசிரியர், ஆசிரியர் என்பவர் துறை நிர்வாகத்திலும் பங்கெடுப்பவர் என்ற எண்ணத்திலிருந்துதான் இந்த இரட்டைப் பதவி முளைத்தது. மார்ட்டினும் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியின் பழைய மாணவர் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு கிளை சென்னைக்கும் வந்தது. அங்கே படித்த ஹாரி க்ரோ பக் 1919இல் சென்னை வந்து, 1920இல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு சென்றவரும் அவர்தான். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அந்தக் கல்லூரியின் வழியாக, ஆட்டம் கற்பிப்பவரே திடலையும் பொருளறையையும் போட்டி அட்டவணையையும் கவனிக்கும் முறை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேரூன்றியது. நம் ஊர்க் கல்லூரிகளில் ‘பி.டி. சார்’ என்று அழைக்கப்படுபவரின் வேலையைப் பார்த்தவர்களுக்கு, மார்ட்டினின் வேலை புரியாத புதிராக இருக்காது. வலை கட்டுவதற்கு ஆள் தேடுவது முதல் முதல்வரிடம் பேருந்துக் கட்டணத்துக்குக் கையெழுத்து வாங்குவது வரை எல்லாம் ஒருவர் கையில்தான்.

கால்பந்துக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஆட்டம் நெடுங்காலம் ஓரத்தில்தான் இருந்தது. அதனால் அதன் பயிற்சியாளர்களும் வேறு ஏதாவது வேலையோடு சேர்த்தே இதைச் செய்தார்கள். எடின்பரோவில் பிறந்து, பென்சில்வேனியா ரயில்வேயின் பட்டறையில் வேலை பார்த்த பில் ஜெஃப்ரி, 1926இல் பென் ஸ்டேட் கல்லூரி அணியின் பயிற்சியாளரானார். கல்லூரிப் பட்டறையில் தொழில் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை. 1932 முதல் 1941 வரை அவரது அணி தொடர்ந்து 65 ஆட்டங்களில் தோற்கவில்லை. 1950 உலகக் கோப்பைக்கு அமெரிக்க அணியை அழைத்துச் சென்றவரும் அவர்தான். பெலோ ஒரிசோன்ட்டேயில் இங்கிலாந்தை 1-0 என வீழ்த்திய அணி அது. உலகக் கோப்பை அணியின் பயிற்சியாளர் ஊர் திரும்பி மறுபடியும் கல்லூரி வேலையைப் பார்க்கப் போனார் என்பதிலிருந்தே அன்று அமெரிக்காவில் கால்பந்துக்கு இருந்த நிலை விளங்கும். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியை என்சிஏஏ 1959இல்தான் தொடங்கியது. 1973இல் என்சிஏஏ தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, அவற்றில் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை எதுவும் தரக் கூடாது என்று விதித்தது. இரட்டை நாற்காலி வழக்கம் அதிகக் காலம் தாக்குப்பிடித்தது இந்தப் பிரிவில்தான்.

ஓஹையோ வெஸ்லியன் அப்படியொரு இடம். கொலம்பஸ் நகருக்கு வடக்கே டெலவேர் என்ற சிற்றூரில், 1842இல் நிறுவப்பட்ட சிறிய தனியார் கல்லூரி. அங்கே மார்ட்டின் சேர்ந்தபோது கால்பந்து மட்டும் அவர் வேலையாக இல்லை. தொடக்க ஆண்டுகளில் லாக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் ஆட்டம்) அணியையும் பயிற்றுவித்தார், வகுப்பும் எடுத்தார், அருகிலுள்ள ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நாட்டின் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கம் நடத்திய இதழுக்கு நெடுங்காலம் ஆசிரியராகவும் இருந்தார். இயக்குநர் நாற்காலிக்கு அவர் வந்தது, மேலே ஏறுவதற்கான ஏணியாக அதைக் கண்டதால் என்று சொல்வதைவிட, ஏற்கெனவே கல்லூரியின் நான்கு வேலைகளைச் செய்துகொண்டிருந்தவருக்கு ஐந்தாவது வேலையாக அது வந்து சேர்ந்தது என்று சொல்வது பொருந்தும்.

அவர் இயக்குநராக இருந்த காலத்தின் கணக்கைப் பார்த்தால், தன் அணியை மட்டும் வளர்த்தார் என்று குறை சொல்ல முடியாது. 1988இல் அந்தக் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. 1998இல் மார்ட்டினின் அணி முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. 2001, 2002 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெண்கள் கால்பந்து அணி தொடர்ந்து பட்டம் வென்றது. ஒரு பயிற்சியாளர் இயக்குநராகும்போது எழும் முதல் சந்தேகம், பந்தியில் பரிமாறுபவர் தன் இலையைத்தான் முதலில் பார்ப்பார் என்பது. பக்கத்து அணிகள் பட்டங்களோடு திரும்பியது அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு பதில். ஆனாலும் அது அவருடைய குணத்தால் கிடைத்த பதிலே தவிர, அமைப்பு தந்த பதில் அல்ல. பயிற்சியாளரின் வேலையை மதிப்பிட வேண்டியவர் இயக்குநர். இருவரும் ஒருவரே என்றால் மதிப்பீடு மேலே கல்லூரித் தலைவரிடமோ கல்வித்துறைத் தலைவரிடமோ போக வேண்டும். அவர்களுக்கோ கால்பந்து தெரியாது. வீரர் ஒருவருக்குப் பயிற்சியாளர்மீது குறை இருந்தால் யாரிடம் போவார் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இரட்டைப் பதவியை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடத் தயங்குவேன்.

இரட்டைப் பதவியில் மற்றப் பல ஆட்டங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் கால்பந்துப் பயிற்சியாளருக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து முழுக்க இலையுதிர்காலத்துக்கு உரியது. ஆகஸ்ட் நடுவில் பயிற்சி தொடங்கும். நவம்பரில் தேசியச் சுற்று. டிசம்பரில் இறுதி ஆட்டம். அதே மூன்றரை மாதங்களில்தான் அமெரிக்கக் கால்பந்து, கைப்பந்து, நெடுந்தொலைவு ஓட்டம், பெண்களுக்கான வளைகோல் பந்து ஆகியவையும் நடக்கும். ஆகவே இயக்குநரின் மேசைக்கு வேலை குவியும் நாள்களும் அவருடைய சொந்த அணி வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் நாள்களும் ஒன்றே. ஒரு பிற்பகலில் இடி இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடியோசை கேட்ட கடைசி நொடியிலிருந்து முப்பது நிமிடம் யாரும் திடலில் கால் வைக்கக் கூடாது என்பது என்சிஏஏயின் பாதுகாப்பு நெறி. இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஆட்டத்தை நிறுத்தும் முடிவை மருத்துவ உதவியாளரும் திடல் பொறுப்பாளரும் எடுப்பார்கள். அந்த நேரத்தில் பயிற்சியாளர் தன் பிள்ளைகளை உடைமாற்றும் அறையில் உட்காரவைத்து அடுத்த பாதிக்குத் திட்டம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இயக்குநரோ பக்கத்துத் திடலில் நிற்கும் அணிகள், ஊர் திரும்ப வேண்டிய பேருந்து, நடுவர்களின் நேரம், விளக்கு இல்லாத மைதானத்தில் பொழுது சாய்வதற்குள் ஆட்டம் முடியுமா என்ற கணக்கு ஆகியவற்றோடு போராட வேண்டும். இரண்டு வேலையும் ஒருவருடையது என்றால் அவருக்கு நம்பிக்கையான துணை இயக்குநர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். வெளியே தெரியாத அந்த இரண்டாம் நிலை ஊழியர்களின் உழைப்பில்தான் இரட்டைப் பதவிகள் நின்றன.

இனி, 1972 ஜூனில் சட்டமான டைட்டில் நைன். கூட்டரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலின அடிப்படையில் வேறுபாடு காட்டக் கூடாது என்ற அந்த ஒரு வாக்கியச் சட்டம், விளையாட்டுத் துறை இயக்குநர் பதவியின் இயல்பையே மாற்றியது. 1979இல் அரசு வெளியிட்ட விளக்கத்தின்படி ஒரு கல்லூரி மூன்றில் ஒரு வழியில் தன்னை நிரூபிக்கலாம்: விளையாடும் பெண்களின் விகிதம் மாணவியரின் விகிதத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், அல்லது பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து விரிவாக்கி வந்திருக்க வேண்டும், அல்லது அவர்களின் ஆர்வத்துக்கு முழுமையாக இடம் கொடுத்திருக்க வேண்டும். இதை எண்ணிச் சரிபார்ப்பதும், எழுதி வைப்பதும், 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிக்கை தருவதும் இயக்குநர் அலுவலகத்தின் தலையாய வேலைகளாயின.

இந்தக் கணக்கில் கால்பந்துக்கு ஒரு விசித்திரமான நன்மை விளைந்தது. அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஏறத்தாழ நூறு ஆண்கள் தேவை; அதற்கு ஈடாகப் பெண்களுக்குப் பெரிய எண்ணிக்கையில் இடம் தரும் ஆட்டம் எது என்று தேடிய இயக்குநர்களுக்கு, செலவு குறைந்த, முப்பது பேரைத் தாங்கக்கூடிய பெண்கள் கால்பந்து கைகொடுத்தது. 1982இல் பெண்களுக்கான முதல் என்சிஏஏ போட்டி நடந்தபோது அதில் பங்கேற்றவை 12 அணிகள். நாடு முழுக்க இருந்த கல்லூரி அணிகளே ஏறத்தாழ நூறுதான். இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதே கணக்கின் மறுபக்கம் ஆண்கள் கால்பந்துக்குப் பாதகமானது. முதல் பிரிவில் பெண்கள் அணிக்கு 14 முழு உதவித்தொகையும் ஆண்கள் அணிக்கு 9.9உம் என்று பல்லாண்டு விதி இருந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஆண்கள் கால்பந்தே வைத்துக்கொள்ளவில்லை. இதற்கு டைட்டில் நைனைத் திட்டுவது எளிது. ஆனால் 85 உதவித்தொகைகளை அமெரிக்கக் கால்பந்து என்ற ஒரே ஆட்டத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு இடமில்லை என்று சொன்னவர்கள் இயக்குநர்கள்தான். சட்டம் எந்த அணியையும் கலைக்கச் சொல்லவில்லை.

மார்ட்டினின் கல்லூரி சேர்ந்திருந்த நார்த் கோஸ்ட் போட்டிக் குழுமம் 1983இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கியபோது, ஆண்கள், பெண்கள் ஆட்டங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சம இடம் என்பதைத் தன் அடிப்படை விதியாக வைத்துக்கொண்டது. கென்யன், ஓபர்லின், டெனிசன், வூஸ்டர் போன்ற கல்விக்குப் பெயர்பெற்ற சிறு கல்லூரிகளின் கூட்டம் அது. அங்கே இயக்குநராவது என்பது, சமநிலையை நீதிமன்றத்துக்குப் பயந்து செய்யாமல் முதலிலிருந்தே வேலையின் பகுதியாக ஏற்றுக்கொள்வது.

மூன்றாம் பிரிவைப் பற்றி நம்மவர்கள் பொதுவாகக் கவனிக்காத இன்னொரு செய்தி உண்டு. அங்கே விளையாட்டு டிக்கெட் விற்றுப் பணம் ஈட்டுவதில்லை. மாணவர்களை ஈர்த்துப் பணம் ஈட்டுகிறது. விளையாட்டு உதவித்தொகை இல்லாததால், பயிற்சியாளர் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துவரும் ஒவ்வொரு வீரரும் கட்டணம் கட்டும் மாணவர். இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவர்கள் உள்ள கல்லூரியில், ஆண்டுக்குப் பன்னிரண்டு பேரைக் கூட்டிவரும் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் சேர்க்கைத் துறையின் ஊழியர் போன்றவர்தான். மாணவர் எண்ணிக்கை சரியும்போது சிறு கல்லூரிகள் அணிகளைக் குறைக்காமல் கூட்டுவது வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் இயக்குநருக்கு அது கூட்டல் கணக்கு. இந்த நிலையில் தலைவருக்கு வேண்டியது, வீரர் வீட்டுத் திண்ணை வரை போய்ப் பேசத் தெரிந்த ஒருவர். பயிற்சியாளரை இயக்குநராக்கும் ஆசை அங்கிருந்தும் வருகிறது.

பெரிய பல்கலைக்கழகங்களில் கதை வேறு. அங்கே கால்பந்துப் பயிற்சியாளரின் விதியை எழுதியது அடுத்த கட்டடத்தில் இருந்த இயக்குநர். மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆன்சன் டோரன்ஸ். 1951இல் பம்பாயில் பிறந்து, எண்ணெய் நிறுவன அதிகாரியான தந்தையோடு கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று சுற்றி வளர்ந்தவர். 1977இல் அங்கே ஆண்கள் அணியின் பயிற்சியாளரானபோது சட்டக் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார். 1979இல், பெண்களுக்கு ஓர் அணி வேண்டும் என்று மாணவியர் கேட்டபோது, இயக்குநர் பில் கோபி (பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானவர்) டோரன்ஸை அவர்களின் ஆட்டத்தைப் பார்த்துவரச் சொன்னார். பிறகு அந்த அணியையும் அவரிடமே ஒப்படைத்தார். சட்டப் படிப்பு நின்றது. 2024 வரை அந்த அணி அவரிடம் இருந்தது. என்சிஏஏ பட்டங்கள் மட்டும் 21. இடையில் 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்காவுக்கு வென்று தந்தார்.

டோரன்ஸ் இயக்குநர் நாற்காலிக்குப் போகவேயில்லை. அவருடைய கவனம் முழுக்கத் திடலில்தான். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு சிறு போட்டிக்கும் புள்ளி பதிந்து, வீராங்கனைகளை வரிசைப்படுத்தி, எல்லோரும் பார்க்க ஒட்டிவைக்கும் முறை அவருடையது. அதே வளாகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடமிருந்து எடுத்துக்கொண்டது. 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கு பத்தாண்டுகள் நீண்டு, 2008இல் சமரசத்தில் முடிந்தது. டோரன்ஸ் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். புகழ்பெற்ற பயிற்சியாளருக்கு மேலே அவரைக் கேள்வி கேட்கும் தனி அலுவலகம் ஏன் வேண்டும், அப்படி ஒன்று இருந்தும்கூட அது போதுமா என்ற இரண்டு கேள்விகளையும் அந்த வழக்கு எழுப்பியது.

பெரிய இடங்களில் இரட்டைப் பதவி இருந்தபோது அது அமெரிக்கக் கால்பந்துக்காரர்களுக்கே கிடைத்தது. அலபாமாவில் பேர் பிரையன்ட், ஆர்கன்சாவில் ஃபிராங்க் பிராய்ல்ஸ், ஜார்ஜியாவில் வின்ஸ் டூலி ஆகியோர் சில ஆண்டுகளேனும் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது ஆசிரியர் பதவியின் நீட்சி அல்ல, அதிகாரத்தின் நீட்சி. தொலைக்காட்சிப் பணம் பெருகப் பெருக அந்த வழக்கமும் உதிர்ந்தது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, அதில் இணையும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் முதல் ஆண்டில் 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிட்டுத் தரலாம். உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், கால்பந்து அணிக்கு 28 பேர் என்ற ஆள் வரம்பு வந்தது. இந்தப் பணத்தை எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பவர் அதே ஆட்டங்களில் ஒன்றின் பயிற்சியாளராகவும் இருக்க முடியும் என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தம், வழக்கு, நன்கொடை, ஊடக உரிமை ஆகியவற்றில் பழகியவர்களைத்தான் அந்த நாற்காலிக்குத் தேடுகிறார்கள்.

அதனால் இயக்குநராக விரும்பும் இளம் கால்பந்துப் பயிற்சியாளர் இப்போது நடுவயதுக்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். விளையாட்டு மேலாண்மையில் முதுகலைப் பட்டம், துணை இயக்குநராகச் சில ஆண்டுகள், விதிமுறைக் கண்காணிப்பு அல்லது நிதி திரட்டலில் அனுபவம் என்று ஒரு பாதை வகுக்கப்பட்டுவிட்டது; அதில் கால் வைப்பவர் பெரும்பாலும் விசிலைக் கழற்றி வைத்துவிட்டே போகிறார். மூன்றாம் பிரிவின் சிறு கல்லூரிகளில் மட்டும், ஆள் பற்றாக்குறையால் இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையால் ஆட்டம் தெரியாதவர்கள் ஆட்டத்தை ஆளும் நிலை வந்துவிட்டது என்று பழைய பயிற்சியாளர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அதில் உண்மை இருந்தாலும், எதிர்ச்சான்றும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில், பருவத்தின் முதல் ஆட்டத்துக்குச் சில நாள்களே இருந்தபோது டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். விளையாட்டு நிர்வாகத்தின் வழியாக மேலே வந்தவரும், கால்பந்துப் பயிற்சியாளராக ஒருநாளும் இருந்திராதவருமான அப்போதைய இயக்குநர் பப்பா கன்னிங்ஹாம், வெளியே ஆள் தேடாமல், பல ஆண்டு அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸிடம் அணியைத் தற்காலிகமாக ஒப்படைத்தார். அந்த டிசம்பரில் வட கரோலினா, வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என வென்று இன்னொரு தேசியப் பட்டத்தை எடுத்தது; நஹாஸின் பதவி நிரந்தரமானது.